பேராதனைப் பூங்கா: அரசனின் தோட்டத்தில் இன்று என்ன மிச்சம்?

மாத்தளை வாசகி
பத்தாம் தர மாணவர்கள் பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்குப் போகும்போது கையில் வைத்திருக்க, தமிழில் எட்டுப் பக்கக் கையேடு ஒன்று தயாராகிறது. கிடைக்கிற குறிப்புகள் ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. ஒன்றில் பூங்கா 1371இல் தொடங்கியது என்கிறார்கள், இன்னொன்றில் 1821. பெயரில் இருக்கும் "அரச" கண்டி அரசரைக் குறிக்கிறதா, பிரித்தானிய முடியைக் குறிக்கிறதா? அரசர் காலத்து மரம் என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஏதாவது மிஞ்சியிருக்கிறதா? மரப் பெயர்களிலும் ஒரே குழப்பம். மரத்தின் பெயரையும் உயரத்தையும் மட்டும் போட்டுவிட்டுப் போக விருப்பமில்லை. அது எப்படி வளர்கிறது, எதனால் கெடுகிறது என்று நாலு வரியாவது வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் திருத்தித் தாருங்கள்.

ஏட்டுக்கட்டு
இரண்டு ஆண்டும் சரிதான், ஆனால் இரண்டும் சொல்வது வேறு வேறு விஷயம்.

1371 என்பது கம்பளை அரசன் மூன்றாம் விக்கிரமபாகு பேராதனையில், மகாவலிக் கரையில், அரசவை வைத்திருந்ததாகச் சொல்லப்படும் ஆண்டு. அங்கே அப்போது மரத்தோட்டம் இருந்தது என்று அதிலிருந்து பொருள்கொள்ளக் கூடாது. தோட்டம் என்ற பேச்சு வருவது கண்டி நாயக்க அரசர் காலத்தில். 1747இல் அரியணை ஏறிய கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் இந்த இடத்தை அரச பூந்தோட்டமாக ஆக்கினான். அவனுக்குப் பின் 1782 முதல் 1798 வரை ஆண்ட இராஜாதி இராஜசிங்கன் இங்கே தங்கவும் செய்தான். இருவரும் மதுரையிலிருந்து வந்த நாயக்கர் உறவினர். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் 1815இல் பிடிபட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். தமிழ் மாணவர் கையேட்டில் இந்த இரண்டு வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

1821 என்பது தாவரவியல் தோட்டத்தின் ஆண்டு. பிரித்தானியர் முதலில் 1810இல் கொழும்புக் கொம்பனித்தெருவில் ஒரு தோட்டம் போட்டார்கள். அது 1813இல் களுத்துறைக்குப் போனது. அங்கிருந்து அலெக்சாண்டர் மூன் என்பவர் 1821இல் பேராதனைக்குக் கொண்டுவந்தார். முதலில் திறந்தது தென்மேற்கு மூலை மட்டும், அதில் வைத்தது கறுவாவும் கோப்பியும். மூன் 1824இல் இலங்கைத் தாவரங்களின் பட்டியலை வெளியிட்டார், அடுத்த ஆண்டே இறந்துபோனார். அதற்குப் பிறகு இருபது ஆண்டு தோட்டம் படுத்துவிட்டது. 1844இல் ஜோர்ஜ் கார்ட்னர் பொறுப்பேற்றபோது 147 ஏக்கரில் 40 ஏக்கர்தான் பயிரில் இருந்தது, அதிலும் பலாவும் தென்னையும் மரக்கறியும் கண்டிச் சந்தைக்கு. இன்று நாம் பார்க்கும் பூங்கா கார்ட்னரும், 1849 முதல் 1880 வரை இருந்த த்வெயிட்ஸும், 1896 வரை இருந்த ட்ரைமனும் கட்டியது. அவர்களுடைய நூல்களுக்குச் செடிகளை வரைந்து கொடுத்தவர்கள் ஹர்மானிஸ் டி அல்விஸும் அவருடைய பிள்ளைகளும். அந்தக் குடும்பத்தின் பெயரையும் எழுதுங்கள். எல்லாக் குறிப்பிலும் விடுபட்டுப் போகிறது.

அரசர் காலத்து மரம் என்று எதையும் விரல் நீட்டிக் காட்டாதீர்கள். அரசரிடமிருந்து மிஞ்சியது நிலம்தான். ஆறு மூன்று பக்கமும் வளைந்து ஓடுவதால் ஒரு பக்கம் காவல் போட்டாலே போதும், படகில் வந்து இறங்கலாம், கண்டி நகரம் 6 கிலோமீற்றருக்குள். அரசன் அந்த வளைவைத் தேர்ந்த காரணமும், வெள்ளைக்காரர் தேர்ந்த காரணமும் பெரிதாக வேறல்ல. வண்டல் மண், வற்றாத நீர், வேலி போடத் தேவையில்லாத எல்லை.

கோவை இலைக்காரர்
தமிழ்நாட்டிலிருந்து ஒரு சந்தேகம். இலங்கைத் தமிழில் "அரச" என்றால் அரசாங்கம் என்றும் பொருள் உண்டு அல்லவா? "அரச திணைக்களம்", "அரச ஊழியர்" என்றெல்லாம் எழுதுகிறீர்கள். அப்படியானால் "அரச தாவரவியற் பூங்கா" என்று படிக்கும் பிள்ளை அதை அரசாங்கப் பூங்கா என்றுதானே எடுத்துக்கொள்ளும்?

ஏட்டுக்கட்டு
நல்ல கேள்வி, இதுவரை யாரும் கேட்காதது. ஆங்கிலப் பெயரில் இருப்பது பிரித்தானிய முடியின் அடைமொழி, லண்டன் கியூ தோட்டத்துக்கு இருப்பது போல. பூங்கா 1912 முதல் விவசாயத் திணைக்களத்தின் கீழ் இருந்தது, 2006இல் தாவரவியற் பூங்காக்களுக்கென்று தனித் திணைக்களம் வந்தது. ஆக அரசாங்கப் பூங்கா என்று படித்தாலும் பொய்யில்லை, ஆனால் பெயர் வந்த வழி அதுவல்ல. கையேட்டில் "முடியரசுக்குரிய" என்று ஒரு முறை விளக்கிவிட்டுப் பிறகு வழக்கமான பெயரைப் பாவியுங்கள்.

இன்னும் இரண்டு "அரச" உள்ளே நிற்கின்றன. 1950இல் நட்ட சாலையில் இருப்பது ரோயல் பனை, சிலர் அதை "அரசப் பனை" என்று எழுதுகிறார்கள். அது கரிபியன் பகுதி மரம், கண்டி அரசருக்கும் அதற்கும் தொடர்பில்லை. அடுத்தது 1875இல் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட், நட்ட அரசமரம். நால்வகை அரசையும் ஒரே பெட்டியில் போட்டு விளக்கினால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

கோவை இலைக்காரர்
பெயர்கள் பற்றி, குழம்பும் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது நாகலிங்கமும் நாகமரமும். 1901இல் பின்னாளைய ஐந்தாம் ஜோர்ஜும் மேரியும் நட்டது நாகலிங்கம். தண்டிலேயே பூத்து, தண்டிலேயே பீரங்கிக் குண்டு போலக் காய்க்கும் தென் அமெரிக்க மரம். 1891இல் ரஷ்ய இளவரசராக வந்த இரண்டாம் நிக்கலஸ் நட்டது நாகமரம், சிங்களத்தில் "நா", இலங்கையின் தேசிய மரம். வெள்ளை இதழ், நடுவே மஞ்சள் மகரந்தம், தளிர் சிவப்பு. இரண்டுக்கும் உறவே கிடையாது. நாகலிங்கத்தைச் சிங்களத்தில் "சல்" என்று சொல்லி விகாரைகளில் வளர்க்கிறார்கள். புத்தர் வரலாற்றில் வரும் சால மரம் வட இந்தியக் காட்டு மரம், அது வேறு. அமெரிக்காவிலிருந்து மரம் வந்தது கடந்த சில நூற்றாண்டுகளில்தான் என்பதை வைத்தே மாணவர்கள் இதைக் கண்டுபிடிக்கலாம்.

இரண்டாவது கூந்தற்பனை. அந்தப் பெயரைத் தமிழ்நாட்டில் இரண்டு மரத்துக்கு வைத்திருக்கிறோம். ஒன்று நீங்கள் கித்துள் என்பது, மற்றது விசிறி இலை கொண்ட தாளிப்பனை, சிங்களத்தில் "தல". கையேட்டில் தாளிப்பனை, கித்துள் என்றே எழுதுங்கள்.

மூன்றாவது பெரும் புல்வெளியில் குடை விரித்து நிற்கும் மரம். அதை ஆலமரம் என்று எழுதுகிறார்கள். ஆலின் குடும்பம்தான், ஆனால் இலை சிறியது, நுனி வால் போல நீளும், கிளைகள் கீழே தொங்கும். வெள்ளால் என்ற பெயர் இருக்கிறது, அது தெரியாதவர்களுக்கு "ஜாவா அத்தி" என்றால் புரியும்.

மாத்தளை வாசகி
மிக்க நன்றி. சீஷெல்ஸ் தீவுகளின் பனையான இரட்டைத் தேங்காய் பற்றி? "உலகின் மிகப் பெரிய விதை" என்பதற்கு மேல் எங்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

பனங்கூடல்
தங்கச்சி, பனங்கிழங்கு தெரிந்த பிள்ளைக்கு இரட்டைத் தேங்காயை ஐந்து நிமிடத்தில் விளக்கலாம். இரண்டும் நெருங்கிய சொந்தம், விசிறி இலைப் பனைகளில் ஒரே கிளை. முளைக்கும் விதமும் ஒன்றுதான்.

பனங்கொட்டை முளைக்கும்போது குருத்து கொட்டைக்குப் பக்கத்தில் வருவதில்லை. கொட்டையிலிருந்து ஒரு குழாய் போன்ற முளை புறப்பட்டு மண்ணுக்குள் நேரே இறங்கும். அதன் நுனியில்தான் வேரும் குருத்தும் இருக்கின்றன. கீழே போய்ச் சேர்ந்த பிறகு அங்கே கிழங்கு பருக்கும். கொட்டைக்குள் இருக்கிற பருப்பைப் பூரான் என்ற பஞ்சு போன்ற உறுப்பு உறிஞ்சி அந்தக் குழாய் வழியாக அனுப்பும். யாழ்ப்பாணத்தில் கொட்டையைப் பிளந்து தின்னும் அதே பூரான். இரட்டைத் தேங்காயிலும் இதுதான் நடக்கிறது, அளவுதான் வேறு. விதை 15 கிலோவுக்கு மேல் வரும், முளைக்குழாய் பல மீற்றர் போய்த்தான் தலை தூக்கும். பழம் மரத்தில் முற்ற 6 முதல் 7 வருடம். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு, பனை போலவே. பூக்கும்வரை எது எதென்று தெரியாது, பூக்கச் சில பத்தாண்டு ஆகும்.

தோட்டக்காரர்கள் இதில் விடும் பிழைகள் மூன்று. விதையைச் சாடியில் வைப்பது முதல் பிழை. குழாய் அடியில் முட்டி வளைந்து உடையும், உடைந்தால் அந்த விதை முடிந்தது. நிரந்தர இடத்திலேயே, ஒரு மீற்றருக்கு மேல் கிண்டி இளக்கிய மண்ணில் வைக்க வேண்டும். தேங்காய் போல முழுக்கப் புதைப்பது இரண்டாவது. பாதி மண்ணில், பாதி வெளியே, மேலே இலைச்சருகு, வெயில் நேரே படாத நிழல். மூன்றாவது பொறுமை இல்லாமல் தோண்டிப் பார்ப்பது. மாதக் கணக்கில் மேலே ஒரு அசைவும் தெரியாது. குருத்து விதையிருந்த இடத்தில் இல்லாமல் தள்ளிப் போய் வருவதும் உண்டு, ஆகவே சுற்றிலும் மூன்று மீற்றருக்கு யாரும் மிதிக்காமல் கயிறு கட்ட வேண்டும்.

1887இல் நட்ட பனைச்சாலை ஒன்றும் பேராதனையில் இருக்கிறது. வரண்ட மண்ணின் மரம் மலைநாட்டு மழையில் எப்படி நிற்கிறது என்பதைப் பார்க்கவே அங்கே பத்து நிமிடம் நிறுத்துங்கள். நீர் தேங்கவிடாமல் இருந்தால் பனை மழையைப் பொறுக்கும். மற்ற மரங்கள் பக்கத்தில் உயர்ந்து வெளிச்சத்தை மறைப்பதை மட்டும் அது பொறுக்காது.

ஏட்டுக்கட்டு
பனங்கூடல் அண்ணை, தாளிப்பனை ஓலையையும் சொல்லுங்கோ. சிங்கள ஏடு அதில்தானே.

பனங்கூடல்
ஆம், புஸ்கொலை என்கிற சிங்கள ஓலை ஏடு தாளிப்பனையின் விரியாத குருத்தோலை. நம் ஏடுகள் பெரும்பாலும் பனையோலை. தாளி ஓலை மெலிதாக, வளையக்கூடியதாக இருக்கும். பனையோலை தடிப்பு, காய்ந்தால் நொறுங்கும். தாளிக் குருத்தை வெட்டி, ஈர்க்கை நீக்கி, சுருளாகச் சுற்றிப் பெரிய பாத்திரத்தில் மணிக்கணக்கில் அவிப்பார்கள். பிறகு பகல் வெயில், இரவுப் பனி என்று மாறி மாறிக் காய விடுவார்கள். கடைசியாக வழுவழுப்பான கமுகந்தடியில் போட்டு இழுத்து மினுக்குவார்கள். அவிப்புப் போதாவிட்டால் பச்சைச் சாறு தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். கண்டி மன்னரின் ஆவணங்களும் இந்த ஓலையில்தான், ஆகவே அரசர் கதைக்குத் தாளிப்பனைச் சாலை மிகப் பொருத்தமான இடம்.

மரம் 30 முதல் 80 வருடம்வரை இலை மட்டும் விடும், பின் உச்சியில் 6 முதல் 8 மீற்றர் உயரத்துக்கு ஒரே ஒரு பூங்கொத்து. வளரும் ஒரே மொட்டு பூவாகிவிட்டதால் இனி இலை விட இடமில்லை. தண்டில் சேர்த்த மாச்சத்தை எல்லாம் காயில் இறக்கிவிட்டு ஒரு வருடத்தில் மரம் செத்துவிடும். சாலையோரம் ஒரே வயது மரங்களை நட்டால் அவை கிட்டத்தட்ட ஒரே காலத்தில் போய்விடும். பத்து, பதினைந்து வருட இடைவெளி விட்டு இடையில் கன்று வைத்துக்கொண்டே போவதைத் தவிர வழியில்லை. செத்த மரத்தை அடியில் வெட்டிச் சாய்க்கக் கூடாது. உள்ளே ஊறி உக்கியிருக்கும், எந்தப் பக்கம் விழும் என்று கணிக்க முடியாது. மேலிருந்து துண்டு துண்டாக இறக்க வேண்டும்.

கங்கைக்கரை
மாணவர் கூட்டம் போவதால் இதைக் கையேட்டின் முதல் பக்கத்தில் போடுங்கள்: மூங்கிலில் பெயர் கீறக் கூடாது. காரணத்தோடு சொன்னால்தான் கேட்பார்கள். மாமரத்தில் கீறினால் பட்டைக்கு அடியில் ஒரு வளர்படை இருக்கிறது, அது காயத்தை மூடும். மூங்கிலுக்கும் பனைக்கும் அந்தப் படை கிடையாது. மூங்கில் முளைக்கும்போது எந்தப் பருமனோ அதே பருமன்தான் கடைசிவரை, ஆகவே கீறல் அந்தக் கழி சாகும்வரை ஆறாது, பூஞ்சணம் அந்த வழியால் இறங்கும். மகாவலிக் கரையில் நிற்கும் பர்மா பெருமூங்கில் 30 மீற்றர்வரை போகும். மழைக்காலத்தில் ஒரு நாளில் 30 சென்ரிமீற்றர்கூட வளரும். காலையில் முளையருகே ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்தால் மாலையில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

மூங்கில் புதரைப் பராமரிக்கும்போது 3 வயது தாண்டிய கழியைத்தான் எடுக்க வேண்டும். இளசு பளபளவென்று உறையோடு இருக்கும், முற்றியதில் பாசியும் சாம்பல் திட்டும் படிந்திருக்கும். நிலத்துக்கு மேலே முதல் கணுவை ஒட்டி, கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். கணுவிலிருந்து உயரத்தில் வெட்டினால் மிச்சத் துண்டு கிண்ணம் போல நீர் தேக்கும், அங்கிருந்து அழுகலும் நுளம்பும். நடுவிலிருக்கும் கிழட்டுக் கழிகளை எடுக்காமல் ஓரத்தில் மட்டும் வெட்டுவதுதான் வழக்கமான பிழை. புதர் நெருங்கி நடு செத்துப்போகும்.

ஜாவா அத்தியின் கீழே ஓடி விளையாடுவதும் அப்படித்தான். உணவு உறிஞ்சும் வேர் பெரும்பகுதி மேல் 30 சென்ரிமீற்றர் மண்ணில் இருக்கிறது. ஈர மண்ணில் நூற்றுக்கணக்கான கால் மிதித்தால் மண் இறுகிக் காற்று போகாது. மேலே கிளை நுனி காய்வது கீழே வேர் மூச்சுத் திணறுவதன் அடையாளம்.

கோவை இலைக்காரர்
வௌவால்? படங்களில் மரமே கறுத்துத் தெரிகிறது.

கங்கைக்கரை
பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் தொங்குகின்றன. கிளை ஒடிகிறது, தளிர் உதிர்கிறது, எச்சம் இலையைக் கருக்குகிறது, உயர்ந்த மரங்களின் உச்சி மொட்டையாகிறது. துரத்த வேண்டும் என்று உடனே சொல்லிவிடலாம். சிட்னி அரச தாவரவியல் தோட்டத்தில் 2012இல் விடியலிலும் மாலையிலும் பதிவு செய்த இரைச்சலை ஒலிபரப்பி அங்கிருந்த வௌவால் கூட்டத்தை வெளியேற்றினார்கள். அது குட்டி ஈனும் காலத்தைத் தவிர்த்து, முன்னனுமதி வாங்கி, திரும்பி வருவதைத் தொடர்ந்து தடுத்துச் செய்த வேலை. பாதியில் விட்டால் கூட்டம் சிதறிப் பக்கத்து மரத்துக்கு, இல்லையென்றால் ஊருக்குள் போகும். இந்த வௌவால்கள் காட்டு மரங்களின் விதையைப் பல கிலோமீற்றருக்குக் கொண்டுபோவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். என் அபிப்பிராயத்தில், மதிப்பு மிகுந்த சில மரங்களை மட்டும் காத்து மற்றதை விட்டுவிடுவதே நல்லது.

ஏட்டுக்கட்டு
அதை நான் ஏற்கவில்லை. ஒருமுறை உச்சி செத்தால் நூற்றாண்டு மரத்தைத் திருப்பி வாங்க முடியாது. "சில மரம்" என்ற பட்டியலை யார் போடுவது?

கங்கைக்கரை
உண்மைதான், பட்டியல் போடுவதுதான் கடினம். நாட்டில் வேறெங்கும் இல்லாத மரம், ஒரே ஒரு பெண் மரம் என்று நிற்பது, விதையோ பதியமோ எடுக்க முடியாதது: இந்த மூன்றும் முதலில். மற்ற மரங்களில் பதியம் எடுத்து வேறு தோட்டத்தில் ஒரு மாற்றை வளர்த்துவிட்டால் பயம் பாதியாகும். ஹக்கலைத் தோட்டம் 1861இல் காய்ச்சல் மருந்து தரும் சிங்கோனாவுக்காகவும், கம்பஹா ஹெனரத்கொட 1876இல் இறப்பருக்காகவும் தொடங்கியதே இப்படி இடம் பிரித்து வைக்கத்தான். கியூவிலிருந்து 1876இல் இலங்கைக்கு வந்த இறப்பர் கன்று 1,919, கண்ணாடிப் பெட்டிகளில். இறப்பர் விதை சில வாரத்தில் உயிர் விட்டுவிடும், அதனால்தான் லண்டனில் முளைக்க வைத்துக் கன்றாக அனுப்பினார்கள்.

பதியன்
பதியம் என்றதும் அம்ஹெர்ஸ்டியாவைச் சொல்லாமல் போக முடியாது. பர்மாவின் பூமரம், சிவப்பும் மஞ்சளுமாகச் சரம் தொங்கும், பேராதனையின் பெருமைகளில் ஒன்று. அரிதாகத்தான் காய் பிடிக்கும், அதனால் விதைக் கன்றை நம்ப முடியாது. கிளை மரத்தில் இருக்கும்போதே வேர் விடச் செய்யும் விண்பதியம்தான் வழி.

பென்சிலை விடச் சற்றுப் பருத்த, போன வருடத்துக் கிளை. 3 சென்ரிமீற்றர் அகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் வழுவழுப்பாக ஒரு படை இருக்கும், கத்தி முதுகால் அதைச் சுரண்டி எடுக்காவிட்டால் இரு கரையும் மீண்டும் ஒட்டிக்கொள்ளும், வேர் வராது. தோற்கிற பதியங்களில் பாதி இந்தப் பிழையால். மேல் கரையில் வேரூக்கி பூசி, பிழிந்தால் இரண்டொரு சொட்டு மட்டும் விழும் ஈரத்தில் தும்புச்சோறு (தென்னந்தும்புத் தூள்) ஒரு பிடி வைத்து, பொலித்தீன் சுற்றி இரு முனையும் இறுகக் கட்டுங்கள். தும்புச்சோறு சொதசொதவென்று இருந்தால் அழுகும். வெயில் பக்கமானால் மேலே பழைய கடதாசி சுற்றுங்கள். 2 முதல் 3 மாதத்தில் வெள்ளை வேர் தெரியும், அது பழுப்பாகும்வரை பொறுங்கள். வெட்டும்போது ஒரே நாளில் வெட்டாமல் பாதி வெட்டி, பத்து நாள் கழித்து மீதியை வெட்டுங்கள். இலையில் பாதியைக் கழித்து, ஈர நிழலில் வையுங்கள். வரண்ட காற்று இதற்கு ஆகாது, யாழ்ப்பாணத்தில் வளர்க்க ஆசைப்படுபவர்கள் இதை மனதில் வைக்கவும்.

வாசனைத் திரவியத் தோட்டத்தில் சாதிக்காய் மரத்தையும் பாருங்கள். ஆண், பெண் தனித்தனி. விதையில் வந்த கன்று எது என்று தெரிய 6 முதல் 8 வருடம். ஆகவே பெண் மரத்திலிருந்து ஒட்டுக் கட்டி, பத்துப் பெண்ணுக்கு ஒரு ஆண் என்று விடுவார்கள். வசவாசி என்று கடையில் வாங்குவது கொட்டையைச் சுற்றிய சிவப்பு வலை. விதையைக் காயவிட்டால் முளைக்காது, விழுந்த சில நாளில் ஊன்ற வேண்டும்.

கோவை இலைக்காரர்
குக் பைன் சாலையை விட்டுவிட்டோம். ஊசியிலை மரம் ஏன் கோணலாக நிற்கிறது என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். நியூ கலிடோனியா மரம் அது. ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்து 2017இல் வந்த ஆய்வு, அவை நிலநடுக்கோட்டை நோக்கிச் சாய்கின்றன, சராசரிச் சாய்வு 8.55 பாகை என்று காட்டியது. நடுக்கோட்டுக்கு அருகில் சாய்வு குறைவு. பேராதனை வடக்கே 7 பாகைதான். ஆகவே அங்கே தெரியும் வளைவுக்கு இது ஒன்றையே காரணமாக எழுத வேண்டாம். திசைகாட்டி கொண்டுபோய் மாணவர்களே அளக்கட்டும்.

மாத்தளை வாசகி
எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்கிறேன், எட்டுப் பக்கம் பன்னிரண்டாகிவிட்டது. ஒன்றே ஒன்று: இரட்டைத் தேங்காய் முளைப்பதை வகுப்பில் பனங்கொட்டையை வைத்துக் காட்டலாமா? மாத்தளையில் பாத்தி எப்படிப் போடுவது?

பனங்கூடல்
தாராளமாக. ஆவணி, புரட்டாதியில் வடக்கிலிருந்து பழம் வரும்போது இருபது கொட்டை வாங்குங்கள். களியைக் கழுவி மூன்று நாள் நிழலில் விடுங்கள். நிலத்துக்கு மேலே 50 சென்ரிமீற்றர் உயரத்தில் மணல் கலந்த மண்ணைக் குவித்துப் பாத்தி கட்டுங்கள். மாத்தளை மழைக்கு நீர் வடிய வேண்டும், ஆகவே கீழே ஒரு படை கல். கொட்டைகளை ஒன்றையொன்று தொடும்படி அடுக்கி, மூன்று விரல் மண் போட்டு மூடி, ஓலை பரப்புங்கள். மூன்றாம் வாரம் இரண்டை எடுத்தால் முளைக்குழாய் தெரியும். ஆறாம் வாரம் இரண்டை எடுத்து நெடுக்காகப் பிளந்தால் மேலே பூரானும் கீழே குருத்தும் ஒரே குழாயில் தொங்குவதைக் காட்டலாம். பக்கத்திலிருந்து தோண்டுங்கள், மேலே பிடித்து இழுத்தால் குழாய் அறுந்துவிடும். மீதிப் பதினாறையும் தைக்குப் பிறகு கிண்டிக் கிழங்காக அவித்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.